சம்பந்தி முடிக்காமல் விட்ட வாழ்த்து

ஜனவரி 14, செவ்வாய்

காலை 155/95.

டாக்டரம்மாவின் உத்தரவு: தினமும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஏறியிருந்தால் எதனால் என்றும் எழுத வேண்டும். "சுருக்கமா எழுதுங்க குகாஸ்" என்றார். நான் எட்டாம் வகுப்போடு பூட்டுப் பட்டறைக்குப் போனவன். சுருக்கமாக எழுதப் படிப்பு வேண்டும். எனக்கு நீளமாகத்தான் வரும்.

இன்று ஏறிய காரணம்: மகள் சோனா மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினாள். எட்டாம் மாதம். மாப்பிள்ளை மிஹ்ரான் ரஷ்யாவில், க்ராஸ்னோதாரில் டைல்ஸ் ஒட்டுகிறான். மார்ச்சில்தான் வருவான். அவன் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அந்த வீட்டில் மிச்சம் என் சம்பந்தி செரோப் மட்டும். அவருக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது, பிள்ளைப்பேறு எங்கே பார்ப்பார்?

லிஃப்ட் நின்று நாலு வருஷம். நாலாவது மாடிவரை மூன்று பெட்டிகளையும் தூக்கியது நான். இதையும் காரணத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

ஜனவரி 16, வியாழன்

150/95.

சோனா லாவாஷ் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போனாள். ஒரு மணி நேரம் கழித்துப் பதினோரு வாழ்த்தோடு திரும்பி வந்தாள். ரொட்டி இல்லை.

எங்கள் கியும்ரி ஊர்க்காரர்களுக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "லேசா விடுபடும்மா!" சுகப்பிரசவத்துக்கு ரொட்டிக்காரி சொன்னாளாம். "உன் வலி எனக்கு வரட்டும்" என்றாளாம் ஊறுகாய்க்காரி. கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் மீட்டரைப் பார்க்காமல், "ஏழு பிள்ளையோட பந்திக்கு உட்காரு தங்கச்சி" என்றானாம். இரண்டாம் மாடி அஸ்னிவ் படியிலேயே மடக்கிக் குழந்தை, குழந்தையின் குழந்தை வரை வாழ்த்தி முடித்த பிறகுதான் வழிவிட்டாளாம்.

என் மனைவி ஷோகிக் விரல் விட்டு எண்ணினாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லாம விட்டா, அந்த இடத்துல முடிச்சு விழுந்துடும்."

"எல்லாரும்தான் சொல்லிட்டாங்களே" என்றேன்.

"சொல்ல வேண்டியவர் ஒருத்தர் சொல்லல."

பெயர் சொல்லவில்லை. எனக்கு உடனே காது சூடாகிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

160/100. காரணம்: ஞாபகம்.

எழுதித் தொலைக்கிறேன். டாக்டரம்மா படித்தால் படிக்கட்டும்.

செரோப் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். இன்றைக்கும் உப்பு வேண்டுமென்றால் "கவனிக்கவும்!" என்று ஆரம்பித்துத்தான் கேட்பார். ஓய்வு பெற்றபின் ஊரில் எந்த விருந்தென்றாலும் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் தமதா அவர்தான். அவர் வாழ்த்தி மோசம் போன கல்யாணம் இல்லை என்பார்கள். அவர் வாழ்த்தி ஆறாத சாப்பாடும் இல்லை. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வருஷம் முன்னால், சோனா கல்யாணம். சொந்த மகன் கல்யாணத்துக்கும் அவரே தமதா. பெண்ணைப் பெற்றவர்களுக்கான வாழ்த்து, அதாவது எங்களுக்கானது, பிரளய மழைக்குக் கப்பல் கட்டிய நோவாவில் தொடங்கினார். இருபத்தைந்து நிமிடம் ஆகியும் நோவா கப்பலை விட்டு இறங்கவில்லை. எல்லோரும் கோப்பையோடு நிற்கிறோம். எனக்குப் புது ஷூ. சுட்ட இறைச்சி வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. செரோப் ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சை நான் முற்றுப்புள்ளி என்று நினைத்துவிட்டேன்.

குடித்துவிட்டேன்.

தமதா முடிக்கும் முன் குடிப்பது! அதுவும் எனக்கே சொல்லும் வாழ்த்தில்! இருநூறு பேர் கோப்பை காற்றில் நிற்கிறது, என் கோப்பை மட்டும் காலி. செரோப் தன் கோப்பையைக் கீழே வைத்தார். "சம்பந்திக்குத் தாகம்" என்றார். அவ்வளவுதான். மீதியைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை.

பிள்ளை குட்டிக்கான வாழ்த்தெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருந்ததாம். இதை அவர் ஊர் முழுக்கச் சொன்னார்.

போன வருஷம் சோனாவுக்கு நாலாம் மாதத்தில் கலைந்துபோயிற்று.

டாக்டர்கள் என்னென்னவோ பெயர் சொன்னார்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. என் கோப்பையைத்தான் பார்த்தது.

ஜனவரி 22, புதன்

155/100.

சோனா பாங்கில் வேலை பார்க்கிற பெண். சகுனம் கிகுனம் என்றால் சிரிப்பாள். சிரித்தாள், போன வருஷம் வரை. இன்று நான் ஷூ கழற்றும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க வந்து ஒரே ஒரு தரம் சொல்லிட்டுப் போயிடுங்க. லேசா விடுபடுன்னு. ரெண்டு வார்த்தை."

அந்தப் பக்கம் குரல் நாலு அடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. ரயில்வே தொண்டை.

"கவனிக்கவும் மகளே! உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்த வீட்டுல என் வாழ்த்தைப் பாதியில வெட்டினாங்க. வெட்டின இடத்துலேருந்துதான் தொடங்கணும். உன் அப்பன் நின்னு முழுசும் கேக்கட்டும். அப்புறம் ரெண்டு வார்த்தை என்ன, இருநூறு சொல்றேன்."

போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்களாவது போங்கப்பா. போய் மன்னிப்புக் கேளுங்க."

"நான் ஏன் கேக்கணும்? மூச்சு விட்டது அவரு!"

சொல்லி முடித்த பிறகுதான் ஷோகிக்கின் முகத்தைப் பார்த்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டு இல்லையென்று சொன்னால், சொன்னவனுக்குக் கண்கட்டி வரும் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஜனவரி 24, வெள்ளி

140/90. நல்ல நாள்.

சந்தையில் என் கடையில் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எதிரே செரோப். பனி கொட்டுகிறது, வெயில் என்ற பேச்சே இல்லை. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்! பன்றி இறைச்சி விற்கிறவன் விசாரித்து வந்து சொன்னான்: இடது கண்ணில் கண்கட்டி. சோனா கேட்டு இல்லை என்றார் அல்லவா!

மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

165/100.

எனக்கும் வந்துவிட்டது. வலது கண்.

ஜனவரி 29, புதன்

160/100.

மருந்துக் கடையில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். செரோப். அவருக்கு இடது கண் மூடியிருக்கிறது, எனக்கு வலது கண். இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு ஆள் பார்வை.

கடைக்காரப் பெண் எங்கள் சோனா வயசுதான் இருப்பாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே களிம்புதான். ஒரு குழாய்தான் இருக்கு."

செரோப் என்னிடம் பேசவில்லை. அவளிடம் பேசினார்: "மகளே, அந்த மனுஷனே எடுத்துக்கட்டும். அவருக்குத்தான் பொறுக்காது. முடியறதுக்குள்ள குடிச்சிடுவாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவமானம். களிம்பை வாங்காமல் வந்துவிட்டேன். அவரும் வாங்கவில்லையாம். குழாய் இன்னும் அங்கேயே கிடக்கிறதாம்.

வீட்டில் ஷோகிக் தேயிலைப் பையைக் கண்ணில் வைத்துக் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டினாள், தண்டனை போல.

பிப்ரவரி 6, வியாழன்

150/95.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கருவிப்பெட்டி அடித்தட்டில் ஒரு ஜோடி சின்ன சாக்ஸ் இருக்கிறது. பச்சை. என் இரண்டு விரல் போகும் அளவு. போன வருஷம், சோனாவுக்கு மூன்று மாதம் என்று தெரிந்த அன்றே சந்தையில் பார்த்து வாங்கிவிட்டேன். பிள்ளை பிறக்குமுன் எதுவும் வாங்கக் கூடாது — தெரியும் — எல்லோருக்கும் தெரியும் — எனக்குக் கை நிற்கவில்லை. ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது.

ஊர் என் கோப்பையைப் பார்க்கும்போது நான் சாக்ஸை நினைப்பேன். எறியவும் மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளவும் பயம். பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறேன். எதற்கு? சாக்ஸ் ஓடிவிடுமா?

என்ன ஆள் நான்.

பிப்ரவரி 14, வெள்ளி

155/95.

நேற்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் வருஷா வருஷம் மூட்டும் பண்டிகை நெருப்பு. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் கைகோத்துத் தாண்டினார்கள். வழக்கம்போல் செரோப்தான் ஓரத்தில் நின்று ஒவ்வொரு ஜோடிக்கும் வாழ்த்துச் சொன்னார். "ஒரே தலையணையில கிழடாகுங்க!" ஒலிபெருக்கி தேவையில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் தாண்டவில்லை, நெருப்பைச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று: "லேசா விடுபடு! லேசா விடுபடு!" டிக்கெட் கிழித்துத் தருவது போல.

சோனா சுற்றி வந்து அவர் எதிரே நின்றாள். என் கோட்டைத்தான் போட்டிருந்தாள், அவளுடையதில் பொத்தான் சேரவில்லை. செரோப் வாயைத் திறந்தார். திறந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

சோனா அழவில்லை. வரும் வழியில், "அப்பா, எனக்கு பயமா இருக்கு. மாமா சொன்னா எல்லாம் சரியாயிடும்னு இல்ல. ஆனா சொல்லலன்னா அதையே நினைச்சிட்டிருப்பேன்" என்றாள்.

"உன் வலி எனக்கு வரட்டும்" என்றேன். வேறென்ன சொல்ல? நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வது. டீக்கு சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும்போதும் சொல்வது.

பிப்ரவரி 15, சனி

170/100.

போனேன்.

கதவைத் திறந்தார். உள்ளே மேஜைமேல் ஒரு தட்டு, ஒரு கரண்டி, பாதி சாப்பிட்ட உருளைக்கிழங்கு. அவர் மனைவி ஓவ்சன்னாவின் படம். நான் தயார் செய்து போனது எல்லாம் சண்டைக்காரருக்கு. ஒற்றைக் கரண்டிக்காரருக்கு ஒன்றும் தயார் செய்யவில்லை.

"சம்பந்தி, குடிச்சது தப்புதான்."

"தப்புதான்" என்றார்.

"மீதியைக் கேக்கறேன்."

"மீதி மட்டும் வராது. ரயிலை நடுவழியில எடுக்க முடியுமா? முதல்லேருந்துதான். நோவாவிலேருந்து."

"சரி."

"நின்னுக்கிட்டு."

"சரி."

"கோப்பை கையில. உதட்டுக்கிட்ட கொண்டு போகக் கூடாது."

"ரத்த அழுத்தக்காரன் நான். டாக்டரம்மா குடிக்கவே கூடாதுன்னிருக்காங்க."

"அப்ப இன்னும் வசதி" என்றார்.

மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. சோனாவின் நாள் மார்ச் ஐந்து. நாலு நாள் இடைவெளி. வாழ்த்தின் நீளத்தை நினைத்தால் அதுவே நெருக்கம்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

145/90. கண்கட்டி வடிந்துவிட்டது. அவருக்கும் வடிந்ததாம். ஷோகிக் முகத்தில், நான் சொல்லலையா என்ற ஒரு பார்வை. மூன்று நாளாக அதே பார்வை.

பிப்ரவரி 26, புதன்

அழுத்தம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கருவி உடைந்திருக்கும். சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளை தேதி பார்த்து வருமா? காலை ஏழு மணிக்குச் சோனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப் போய், "உன் வலி எனக்கு வரட்டும் கண்ணு" என்றேன்.

"வாங்கிக்கோங்கப்பா!" என்று கத்தினாள். "சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, வாங்கிக்கோங்களேன்!"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கொடுக்க வந்ததில்லை.

ஆம்புலன்ஸில் ஏறுமுன் ஷோகிக் எனக்கு உத்தரவு போட்டாள். "வீட்டுல மூடினது எல்லாம் திற. கட்டினது எல்லாம் அவிழு. ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது." பிரசவ வீட்டுக்கு அதுதான் வழக்கம். பூட்டுக்காரன் வீட்டுக்கு அது எவ்வளவு வேலை என்று வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசித்தார்களா?

அலமாரி, பீரோ, இழுப்பறை, ஜன்னல் (வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி). ஊறுகாய் ஜாடிகளின் மூடி. உத்தரவு வந்தபோதே படிக்கட்டில் திரும்பி நின்று, "ஜாடியுமா?" என்று கேட்டேன். "மூடி மூடிதானே!" என்று ஆம்புலன்ஸ் கதவு வழியாகக் கத்தினாள். திரைச்சீலைக் கயிறு. வெங்காயச் சரம். என் ஷூ லேஸ். என் பெல்ட்.

கடைசியில் கருவிப்பெட்டி. இரண்டு பூட்டையும் திறந்தேன். பச்சையாக எட்டிப் பார்த்தது. எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது.

அப்புறம் கடை. தொங்கவிட்ட பூட்டெல்லாம் பூட்டித்தானே தொங்கும்? இருநூறுக்கு மேல். ஒவ்வொன்றாகத் திறந்தேன். பன்றி இறைச்சிக்காரன் எட்டிப் பார்த்து, "திவாலாயிட்டீங்களா அண்ணே?" என்றான். விஷயம் சொன்னதும் கத்தியைப் போட்டுவிட்டு அவனும் உட்கார்ந்து திறந்தான்.

பிரசவ ஆஸ்பத்திரி முற்றத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. எல்லோரும் முற்றத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்துவதுதான். என் லேஸ் பனியில் இழுபடுகிறது. ஒரு கை கால்சட்டையைப் பிடித்திருக்கிறது, பெல்ட் இல்லை. எதிரே செரோப் வருகிறார். அவர் லேஸும் இழுபடுகிறது. கோட்டில் ஒரு பொத்தான்கூடப் போடவில்லை. தாடி வரை பனி.

"நானும் வீட்டைத் திறந்து போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். மூன்று வருஷத்தில் அவராக என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியும் இரண்டு சின்னக் கோப்பையும் எடுத்தார். ஆப்ரிகாட் சாராயம். ஊற்றி என் கையில் கொடுத்தார். மூன்றாம் மாடி ஜன்னலைக் கையால் காட்டினேன். செரோப் தொண்டையைக் கனைத்தார்.

"கவனிக்கவும்!"

முற்றமே திரும்பியது.

நோவா கப்பலில் ஏறினார். மழை பெய்தது. நாற்பது நாளையும் ஒவ்வொரு நாளாகப் பெய்ய வைத்தார். ஒரு கையில் கால்சட்டை, ஒரு கையில் கோப்பை. என் மூக்கு ஒழுகுகிறது, துடைக்க மூன்றாவது கை இல்லை. பக்கத்தில் நின்ற மற்ற அப்பன்மார்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மேலே சோனா கத்தும் சத்தம் கேட்டது. செரோப் குரலை உயர்த்தினார். அவள் இன்னும் கத்தினாள். அவர் இன்னும் உயர்த்தினார்.

நோவா கடைசியில் இறங்கினார். மூன்று வருஷம் கழித்து!

"இறங்கி என்ன செஞ்சாரு? கதவைத் திறந்தாரு. எல்லாம் போகட்டும்னு திறந்தாரு. நான் முப்பத்தொரு வருஷம் ரயில் வருது, ரயில் போகுதுன்னு சொன்னவன். என்னை யாரும் வான்னு சொன்னதில்ல. என் பையனுக்கு நிச்சயம் ஆன அன்னிக்கு இந்த மனுஷன் அவன் கையில ஒரு சாவியை வெச்சாரு. தன் வீட்டுச் சாவி. 'என் பொண்ணு உன்கூட சண்டை போட்டா வெளிய நின்னு தட்டாதே, திறந்துக்கிட்டு வந்து படு'ன்னாரு. கவனிக்கவும்! பொண்ணு குடுக்கறவங்க ஊர்ல நிறைய உண்டு. வீட்டையும் சேத்துக் குடுத்தவர் இவர்தான். இதைச் சொல்லத்தான் அன்னிக்கு நோவாவிலேருந்து வந்தேன்."

அந்தச் சாவி எனக்கே மறந்துபோயிருந்தது. கடையில் கிடந்த மிச்சத் துண்டில் வெட்டியது.

"அதைச் சொல்லாம பாதியில கோப்பையை வெச்சுட்டேன். கோபம். போன வருஷம் அந்தப் பிள்ளை… நான் பாதியில விட்டது பாதியிலயே போச்சுன்னு…"

நின்றுவிட்டது. ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் நிற்காத குரல். மூச்சை உள்ளே இழுத்தார். முற்றம் முழுக்க என் கோப்பையைப் பார்த்தது.

நான் குடிக்கவில்லை.

"அது உங்களால இல்ல சம்பந்தி" என்றேன். "நான் முன்னாடியே சாக்ஸ் வாங்கிட்டேன்." பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதற்காகக் கால்சட்டையை விட வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து அது கொஞ்சம் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. செரோப் அந்தப் பச்சை சாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கதவு திறந்து ஒரு நர்ஸம்மா படியில் ஓடிவந்தாள்.

"குகாஸ் யாரு? உங்க கண்ணுக்கு வெளிச்சம்! பேத்தி!" என்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். நல்ல சேதி கொண்டுவந்தவர் தொப்பியைப் பிடுங்கினால் பரிசு கொடுத்து மீட்க வேண்டும்.

நான் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் பொறு என்றேன்.

"பேத்தி பொறந்திருக்குன்னு சொல்றேன், காது கேக்கலியா?"

"கேட்டுச்சும்மா. அவர் இன்னும் முடிக்கல."

நர்ஸம்மா செரோப்பைப் பார்த்தாள். என் கால்சட்டையைப் பார்த்தாள். அவளும் தொப்பியோடு நின்றுவிட்டாள். செரோப் கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்தார். மூன்றாம் மாடியைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கினார்.

"சோனா மகளே! லேசா விடுபடு!"

"அவ விடுபட்டு இருபது நிமிஷம் ஆச்சு!" என்று நர்ஸம்மா கத்தினாள்.

குடித்தோம். டாக்டரம்மா, ஒரே ஒரு வாய்தான்.

பிப்ரவரி 27, வியாழன்

145/90.

சோனாவோடு போனில் பேசினேன். "மாமா பேசினது முழுக்கக் கேட்டுச்சுப்பா. டாக்டர் ஜன்னலை மூடச் சொன்னாங்க. நான்தான் விடல. வலியில நடுவுல எனக்கு ஒரே கவலை, நோவா எறங்கினாரா இல்லையான்னு."

"வாழ்த்து லேட்டாயிடுச்சேம்மா."

"அம்மா சொல்றாங்க, அது அடுத்ததுக்கு இருக்கட்டுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"போனை வெச்சுட்டேன்."

மார்ச் 3, திங்கள்

140/90.

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குழந்தை பெயர் ஓவ்சன்னா, செரோப் மனைவியின் பெயர். சோனாவே வைத்தாள், யாரையும் கேட்கவில்லை. செரோப்புக்குப் போனில் சொன்னோம். லைன் அறுந்ததோ என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். அறவில்லை.

குழந்தையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஷோகிக் என் கோட்டுப் பையில் கைவிட்டாள். எப்படித் தெரியும் அவளுக்கு? சாக்ஸை உதறினாள்.

"அது போன வருஷத்துது" என்றேன்.

"கால் சில்லுனு இருக்கு, ஏ மனுஷா" என்றாள். மாட்டிவிட்டாள். கொஞ்சம் பெரிசு.

மார்ச் 6, வியாழன்

150/95. காரணம்: சம்பந்தி.

நாற்பது நாள்வரை வெளியாள் யாரும் பிள்ளை இருக்கும் வீட்டில் நுழையக் கூடாது. ஷோகிக் இதில் போலீஸ். மாப்பிள்ளைக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. செரோப் வாசல்வரை வந்தார். "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி, ஏப்ரல்ல வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அவர் கீழே முற்றத்தில் நின்றார். "கவனிக்கவும்! நாலாம் மாடிப் பேத்திக்கு!" என்று தொடங்கினார்.

கட்டடத்தில் அப்போது எல்லோருக்கும் டீ நேரம். கல்யாணக் கதை தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. தமதா முடிக்குமுன் வாய் வைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பால்கனி பால்கனியாக டீக்கோப்பையோடு நிற்கிறார்கள். அஸ்னிவ் மேலே பார்த்துக் கத்தினாள்: "குகாஸ்! முடிஞ்சுதா? ஆறுது!"

"இல்ல, இப்பதான் மழை பெய்யுது" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

150/95. நேற்றும் வந்தார். இன்றும் வந்தார். மைனஸ் பன்னிரண்டு டிகிரி. முற்றத்தில் அவர் நிற்கும் இடத்தில் பனி உருகி இரண்டு ஷூ வடிவம் விழுந்துவிட்டது. சோனா குழந்தையை ஜன்னலருகே பிடித்துக் காட்டுகிறாள். அங்கிருந்து அவருக்குச் சால்வைதான் தெரியும்.

மார்ச் 12, புதன்

135/85.

மத்தியானம் கடையில் வேலை இல்லை. எங்கள் வீட்டுப் பூட்டுக்கு ஒரு சாவி வெட்டினேன். இந்தத் தடவை மிச்சத் துண்டில் இல்லை, நல்ல பித்தளை. அரம் போட்டு விளிம்பை மழுக்கினேன், பையைக் கிழிக்காமல் இருக்க.

ராத்திரிச் சாப்பாட்டில் ஷோகிக்கைக் கேட்டேன்.

"வெளியாள்தானே வரக் கூடாது?"

"ஆமா."

"வீட்டுச் சாவி வெச்சிருக்கிறவங்க வெளியாளா?"

கொஞ்ச நேரம் மென்றாள். "இல்ல" என்றாள். அப்புறம், "அவருக்கு ரொட்டி எத்தனை வேணும்னு கேட்டுக்கோ. தனியா சாப்பிடறவர் பசியோடதான் வருவார்" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

காலை அழுத்தம் பார்க்க முடியவில்லை. கருவி தொட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் செரோப் நிற்கிறார்.

ராத்திரியே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன், ஏழு மணிக்கே பூட்டில் அது திரும்பும் சத்தம். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கை கழுவினார். தொட்டிலைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்கூடத் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து, குழந்தை எழாத அளவு மெல்லிய குரலில் — அவருக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று இன்றைக்குத்தான் தெரியும் — "கவனிக்கவும்" என்றார்.

ஷோகிக், சோனா, நான் மூன்று பேரும் டீக்கோப்பையோடு நிற்கிறோம். நான் அலமாரிமேல் நோட்டை வைத்து ஒரு கையால் எழுதுகிறேன். டீ ஆறிவிட்டது. நோவா இன்னும் கப்பலில்தான் இருக்கிறார்.